முதல் வலிப்பு வந்த தேதி

வலிப்பு நோய் உள்ளவர்களின் மரபணு அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்வது என் தொழில். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் வரும். அதோடு ஒரு விண்ணப்பத் தாளும் வரும். குழாயில் குறை இருக்காது. பெயர், வயது, எடுத்த நேரம் எல்லாம் ஒட்டியிருக்கும். தாளில்தான் குறை. "நோய் விவரம்" என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்: "வலிப்பு". எந்த வயதில் முதலில் வந்தது, காய்ச்சலோடு வந்ததா, எத்தனை நிமிடம் நீடித்தது, வலக்கையா இடக்கையா, எந்த மருந்தைக் கொடுத்த பிறகு கூடியது என்பதெல்லாம் இருக்காது. ரத்தத்தை அனுப்பிவிட்டால் எந்திரம் மிச்சத்தைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் இருப்பதில் வியப்பில்லை. அது மருத்துவர்கள் சிலரிடமும் இருப்பதுதான் என் கவலை. வலிப்பின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கட்டம்தான் பரிசோதனையின் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் துறையின் கடந்த முப்பது ஆண்டு வரலாறும் அதைத்தான் காட்டுகிறது.

அதற்கு முன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "மரபணுக் காரணம்" என்று சொன்னதும் "பரம்பரை நோய்" என்றே நம் வீடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் நெடுங்காலப் பயம் இருக்கிறது. காக்காய் வலிப்பு என்று பெயர் சூட்டி, விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கிய சமூகம் நம்முடையது. அடிக்கடி வலிப்பு வருவோரின் திருமணத்துக்குத் தடையாக ஒரு வரி இந்து திருமணச் சட்டத்திலேயே 1999 வரை இருந்தது. ஆனால் மரபணு என்பதும் பரம்பரை என்பதும் ஒன்றல்ல. நாம் ஒவ்வொருவரும் அம்மாவிடமும் இல்லாத, அப்பாவிடமும் இல்லாத சுமார் அறுபது எழுபது எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறோம். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் நேரும் பிழைகள் அவை. 300 கோடி எழுத்துகளில் அவை எங்கோ ஓர் ஓரத்தில் விழுந்து, ஒரு பாதிப்பும் செய்யாமல் கிடக்கும். அபூர்வமாக ஒன்று, மூளைக்கு இன்றியமையாத ஒரு மரபணுவின் நடுவில் விழுந்துவிடும். அந்தக் குழந்தையின் வலிப்புக்கு மரபணுதான் காரணம். பரம்பரை காரணமே இல்லை. உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், மூளையின் அமைப்புக் கோளாறு, மரபணு, தொற்று, வளர்சிதை மாற்றம், நோயெதிர்ப்புக் கோளாறு, காரணம் தெரியாதது என்று ஆறு காரணங்களைச் சொல்லி, நோயறிதலின் ஒவ்வொரு படியிலும் காரணத்தைத் தேடச் சொன்னது. தேடுவது எப்படி என்பதில்தான் என் வாதம் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் மார்செய் நகரில் குழந்தைகளின் வலிப்பைக் கவனித்துவந்த சார்லோட் டிராவே என்ற மருத்துவர் 1978-இல் ஒரு நோயை விவரித்தார். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தை. ஐந்து, ஆறு, எட்டு மாதம் இருக்கும். காய்ச்சல் அடிக்கும்போதோ, தடுப்பூசி போட்ட மறுநாளோ, சூடான நீரில் குளிப்பாட்டும்போதோ முதல் வலிப்பு வரும். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும், இது நிற்காது. உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்; அடுத்த முறை மறுபக்கம் இழுக்கும். இஇஜி எடுத்தால் ஒன்றுமில்லை, மூளை ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. இரண்டாம் வயதில் திடுக்கிடல், வெறித்துப் பார்த்தல் என்று வலிப்பு பல உருவம் எடுக்கும். பேச்சு பின்தங்கும், நடை தள்ளாடும். 1978-இல் டிராவேயிடம் மரபணுக் கருவி எதுவும் கிடையாது. பார்த்ததை வரிசையாக, வயதோடு எழுதியதுதான் அவர் செய்த வேலை. காய்ச்சல் வலிப்பு என்ற பெருங்கூட்டத்திலிருந்து ஒரு சிறு கூட்டத்தை அந்த எழுத்து தனியே பிரித்தெடுத்தது. இன்று நாம் டிராவே நோய்க்குறி என்று சொல்வது அதைத்தான்.

இடையில் நம் பக்கத்து விஷயம் ஒன்று. தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வரும் வலிப்பு ஒன்று தென்னிந்தியாவில், சிறப்பாக மைசூர் வட்டாரத்தில், நெடுநாளாக அறியப்பட்டது. பெங்களூரு ஆய்வாளர்கள் அதைப் பல்லாண்டு படித்திருக்கிறார்கள். குடும்பங்களில் அது தொடர்வதையும் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் நீரின் சூட்டைக் குறைத்தாலே அடங்கிவிடும் நோய் அது. "குளிக்கும்போது வலிப்பு வந்தது" என்று மட்டும் தாளில் எழுதியிருந்தால், அது எளிதில் அடங்கும் இந்த நோயா, வாழ்நாள் முழுவதும் தொடரும் டிராவேயா என்று சொல்ல முடியாது. தலைக்கு ஊற்றியபோதா, உடம்பு சூடேறியபோதா, குழந்தைக்கு எத்தனை மாதம், காய்ச்சலுக்கும் வருகிறதா என்று நான்கு கேள்வி கேட்டால் பெரும்பாலும் வழி பிரிந்துவிடும். அந்த நான்கு கேள்விக்குச் செலவு ஐந்து நிமிடம்.

டிராவே எழுதியதிலிருந்து 23 ஆண்டு கழித்து, 2001-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வுக் குழு ஏழு குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஏழு பேரிடமும் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. ஏழு பெற்றோர் இணைகளில் ஒருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. ஏழுக்கு ஏழு என்பது எங்கள் துறையில் கேள்விப்படாத எண். ஒரு வருடம் முன்பே, 2000-இல், காய்ச்சல் வலிப்பு பல தலைமுறையாகத் தொடரும் குடும்பங்களில் இதே மரபணுவில் லேசான மாற்றம் இருப்பது தெரிந்திருந்தது. அங்கே குறி வைத்துத் தேடியதால்தான் இங்கே கிடைத்தது. ஆனால் அந்த எண்ணுக்கு முதல் காரணம் தேர்வின் தூய்மை. "வலிப்பு வந்த ஏழு குழந்தைகள்" என்று எடுத்திருந்தால் ஒன்றுகூடக் கிடைக்காமல் போயிருக்கலாம். டிராவேயின் விவரிப்புக்குக் கச்சிதமாகப் பொருந்திய ஏழு பேரை எடுத்ததால்தான் ஏழும் கிடைத்தன. இன்று டிராவே நோய்க்குறி உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இந்த மரபணுவில்தான் கோளாறு இருப்பது தெரியும்.

அந்த மாற்றம் திரையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். எந்திரம் ஒரே இடத்தை ஐம்பது, நூறு தடவை படிக்கும். ஒவ்வொரு வாசிப்பும் ஒரு மெல்லிய சாம்பல் நிறக் கோடு. கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். எல்லாம் வழக்கமான எழுத்தோடு ஒத்துப்போனால் முழு அடுக்கும் ஒரே சாம்பல் நிறம். மாற்றம் இருக்கும் இடத்தில் ஏறத்தாழப் பாதிக் கோடுகளில் ஒரு வண்ண எழுத்து எட்டிப்பார்க்கும். ஒவ்வொருவரிடமும் மரபணுவின் இரண்டு படிகள் உண்டு. கெட்டது ஒன்று, நல்லது ஒன்று, அதனால் பாதி. அதற்குக் கீழே அம்மாவின் அடுக்கு, அதற்கும் கீழே அப்பாவின் அடுக்கு. குழந்தையின் அடுக்கில் மட்டும் வண்ணம் இருந்து, கீழே இரண்டும் சுத்தமாக இருந்தால், மாற்றம் இந்தக் குழந்தையில் புதிதாக முளைத்தது. எங்கள் வேலையில் இதைவிட வலுவான சான்று குறைவு. பெற்றோர் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு பெரிய பழியைத் துடைத்தது. 1970-களில் இங்கிலாந்தில் கக்குவான் தடுப்பூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்ற பயம் பரவியது. ஊசி போட்ட ஓரிரு நாளில் நீண்ட வலிப்பு, பிறகு வளர்ச்சிக் குறைவு என்ற குழந்தைகள் உண்மையிலேயே இருந்தார்கள். பெற்றோர் கற்பனை செய்யவில்லை. அந்தப் பயத்தால் ஊசி போட்டுக்கொள்வோர் விகிதம் சரிந்தது. கக்குவான் திரும்பி வந்து குழந்தைகளைக் கொன்றது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சாமுவேல் பெர்கோவிச், இங்க்ரிட் ஷெஃபர் குழுவினர், தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரை 2006-இல் ஆராய்ந்தார்கள். 14 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளையும் வயதுவாரியாகப் படித்தபோது, எல்லோருக்கும் ஏற்கெனவே பெயரிடப்பட்ட ஏதோ ஒரு வலிப்பு நோய்க்குறி இருந்தது. 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. பெற்றோரின் டிஎன்ஏ கிடைத்த ஒன்பது பேரில் ஒன்பதும் புதிதாக முளைத்த மாற்றம். நோய் கருவிலேயே எழுதப்பட்டிருந்தது. ஊசிக்குப் பிறகு வந்த காய்ச்சல், எப்படியும் வரவிருந்த முதல் வலிப்பைச் சில வாரம் முன்னதாகக் கொண்டுவந்தது. ஊசியை ஒட்டித் தொடங்கிய டிராவே குழந்தைகளையும் அப்படித் தொடங்காதவர்களையும் அதே குழு 2010-இல் ஒப்பிட்டது. முதல் கூட்டத்துக்கு வலிப்பு கொஞ்சம் சீக்கிரம் தொடங்கியிருந்தது. வளர்ந்த பிறகு அறிவுத்திறனில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இந்த ஆய்வில் மரபணுச் சோதனைக்கு எவ்வளவு பங்கோ, பெற்றோரும் மருத்துவர்களும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய குறிப்புகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இனி மருந்து. எஸ்சிஎன்1ஏ, நரம்பணுவின் மேல்தோலில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாசலைக் கட்டும் மரபணு. 2009 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய புரதம். சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் மின்துடிப்பு எழும். அப்படியானால் வாசல் பாதியாகக் குறைந்தால் துடிப்பு குறையத்தானே வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது? சியாட்டிலில் வில்லியம் கேட்டரால் ஆய்வகம் 2006-இல் எலிகளை வைத்து விடை சொன்னது. இந்த வாசலை நம்பி வேலை செய்பவை முக்கியமாக மூளையின் தடுப்பு நரம்புகள். மற்ற நரம்புகளை அடக்கி வைக்கும் பிரேக் போன்றவை. பிரேக் தளர்ந்ததால் வண்டி ஓடுகிறது. ஃபெனிட்டோயின், கார்பமாசெபின், லாமோட்ரிஜின் ஆகிய பெயர்பெற்ற வலிப்பு மருந்துகள் சோடியம் வாசலை அடைத்தே வேலை செய்கின்றன. ஏற்கெனவே தளர்ந்த பிரேக்கை அவை இன்னும் தளர்த்துகின்றன. கவனியுங்கள்: இந்தக் குழந்தைகளுக்கு லாமோட்ரிஜின் கொடுத்தால் வலிப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் 1998-லேயே எழுதிவிட்டார்கள். மரபணு தெரிவதற்கு மூன்று ஆண்டு முன்பு. காரணம் புரிவதற்கு எட்டு ஆண்டு முன்பு. "எந்த மருந்துக்குப் பிறகு கூடியது" என்ற கேள்வி எங்கள் விண்ணப்பத் தாளில் ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மரபணுவின் பெயர் கிடைத்ததோடு வேலை முடிந்ததா? இல்லை. இதே எஸ்சிஎன்1ஏவில் ஒரு மாற்றம் டிராவே நோயைத் தருகிறது. இன்னொன்று, ஐந்தாறு காய்ச்சல் வலிப்போடு பள்ளிப் பருவத்தில் நின்றுபோகும் லேசான குடும்ப வலிப்பைத் தருகிறது. மற்றொன்று வலிப்பே இல்லாமல், பாதி உடல் வலுவிழந்துபோகும் ஒருவகை ஒற்றைத் தலைவலியைத் தருகிறது. வாசலை அடைப்பதற்குப் பதில் அளவுக்கு மீறித் திறந்துவிடும் மாற்றங்களும் இருக்கின்றன. அவற்றில் வலிப்பு மூன்று மாத வயதுக்கு முன்பே தொடங்கிவிடும், மருந்தின் திசையும் தலைகீழாகலாம். எட்டு மாதக் குழந்தையின் அறிக்கையில் எஸ்சிஎன்1ஏ என்று வந்தால், இது டிராவேயாக மாறுமா, லேசாக முடியுமா என்று பெற்றோர் கேட்பார்கள். 2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைச் சேர்த்து, இதை முன்கூட்டிக் கணிக்க ஒரு வழியை உருவாக்கினார்கள். அதற்குத் தேவைப்படுபவை இரண்டு: மாற்றம் எவ்வளவு கடுமையானது என்ற மதிப்பெண், முதல் வலிப்பு வந்த வயது. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் துல்லியம், ஒன்றை மட்டும் வைத்தால் கிடைப்பதில்லை. கணிப்பொறி உச்சத்தில் இருக்கும் காலத்தில் செய்த கணிப்பிலும், அம்மா நினைவில் வைத்திருக்கும் தேதிக்குச் சமபங்கு.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, மருத்துவர்களே அடிக்கடி சொல்வது: "காரணம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? எப்படியும் அதே மருந்துதானே?" இருபது ஆண்டுக்கு முன் இதில் நியாயம் இருந்தது. இன்று இல்லை. ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா நான்கும் சேர்ந்து, ஒரு வயதுக்குள் வலிப்பு தொடங்கிய 100 குழந்தைகளுக்கு விரைவாக முழு மரபணுத்தொகுதியைப் படித்து 2023-இல் முடிவை வெளியிட்டன. 43 பேருக்குக் காரணம் கிடைத்தது. அவர்களில் 24 பேருக்கு, பாதிக்கும் மேல், அந்த முடிவு சிகிச்சையைத் தொட்டது. வைட்டமின் பி6 கொடுத்தால் மட்டும் அடங்கும் வலிப்பு ஒன்று உண்டு, 1954-லேயே விவரிக்கப்பட்டது, காரணமான மரபணு 2006-இல் தெரிந்தது. மருந்துக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாத்திரை அது. மூளைக்குள் சர்க்கரையை ஏற்றிச் செல்லும் புரதம் குறைவதால் வரும் வலிப்பு இன்னொன்று. காலையில் வெறும் வயிற்றில் தொந்தரவு அதிகம். முதுகுத் தண்டு நீரில் சர்க்கரை குறைந்திருக்கும். கொழுப்பு மிகுந்த கீட்டோன் உணவுமுறைதான் சிகிச்சை. வேறொரு மரபணுவில் கோளாறு இருந்தால், எல்லோருக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தே கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடும். எஸ்சிஎன்2ஏ என்ற சகோதர மரபணுவில், மூன்று மாதத்துக்குள் வலிப்பு தொடங்கினால் சோடியம் வாசலை அடைக்கும் மருந்து பெரும்பாலும் உதவும். அதற்குப் பிறகு தொடங்கினால் அதே மருந்து கெடுக்கலாம். ஒரே மரபணு, ஒரே மருந்து. பிரிப்பது தொடங்கிய மாதம். காரணம் தெரிந்து என்ன பயன் என்ற கேள்வியை இந்தக் குழந்தைகளின் முன் கேட்க முடியாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மிகைப்படுத்துவது எங்கள் பக்கத்திலும் நடந்திருக்கிறது. கேசிஎன்டி1 என்ற மரபணுவின் கோளாறுக்கு, இதய நோய்க்குக் கொடுக்கும் குவினிடின் என்ற பழைய மருந்து சரியான மாற்று என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. 2014-இல் ஒரு குழந்தைக்குப் பலன் கிடைத்ததாகச் செய்தி வந்ததும் உலகமெங்கும் நம்பிக்கை பொங்கியது. பிறகு 2018-இல், இந்த மாற்றமுள்ள சிலருக்கு முறையாக ஒப்பிட்டுச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. இதயத் துடிப்பில் பக்கவிளைவு தெரிந்தது. மரபணுவிலிருந்து மருந்துக்கு நேர்கோடு போட்டுவிடலாம் என்று நினைப்பது, மரபணுவிலிருந்து நோய்க்கு நேர்கோடு போடலாம் என்று நினைப்பது போன்ற தவறுதான். நோயாளியிடம் திரும்பி வந்து பார்க்காத அறிவு இரண்டு இடத்திலும் சறுக்குகிறது.

இரண்டாவது எதிர்வாதம் நம் நாட்டைப் பற்றியது. இங்கே வலிப்புக்குப் பெருங்காரணம் தொற்று, மூளையில் நாடாப்புழுக் கட்டி, பிரசவ நேரத்தில் மூச்சுத்திணறல், தலைக்காயம். மரபணுவைத் தேடுவது பணக்கார நாட்டு வேலை என்பார்கள். முதல் பாதி உண்மை. அதனால்தான் எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டாம் என்கிறேன். ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரியும் இளைஞனுக்கு மரபணு வரிசையாக்கம் வீண் செலவு. ஆனால் "பிரசவத்தில் மூச்சுத்திணறல்" என்ற முத்திரை ஆதாரமில்லாமல் ஒட்டப்படுவதும் உண்டு. பிறந்ததும் அழுதது, பால் குடித்தது, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது, ஸ்கேனில் சேதம் இல்லை என்று குறிப்பு சொல்லும். கோப்பின் மேல் மட்டும் மூச்சுத்திணறல் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல் தேடலை அங்கேயே நிறுத்திவிடுகிறது. பிரசவம் பார்த்தவர் மீதும், "சரியாக முக்கவில்லை" என்று தாய் மீதும் பழி நின்றுவிடுகிறது. யாருக்குச் சோதனை தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரிப்பதும் அதே நோய் விவரக் கட்டம்தான். பணம் குறைந்த நாட்டில் அதற்கு மதிப்பு கூடுகிறதே தவிர, குறையவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் எதிர்காலத்தைச் சார்ந்தது. மரபணுக்களின் புரதப் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம், எல்லாவற்றையும் படிக்கும் முழு மரபணுத்தொகுதி என இரண்டு சோதனைகளின் விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. எல்லா எழுத்தையும் படித்துவிட்டால் கதை கேட்பது தேவைப்படாது என்கிறார்கள். படிப்பது வேறு, பொருள் கொள்வது வேறு. எக்ஸோமில் ஒருவரிடம் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வரும். 2015-இல் அமெரிக்க மரபணு மருத்துவர்கள் வகுத்த விதிப்படி, ஒவ்வொன்றையும் நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் தெளியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என ஐந்தில் ஒன்றில் வைக்கிறோம். நடுவில் உள்ள "பொருள் தெளியாதது"தான் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் வரி. ஒரு மாற்றம் அபூர்வமானதா, சாதாரணமானதா என்று பார்க்க நாங்கள் புரட்டும் பெரிய தரவுத்தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சத்தினரே மிகுதி. அங்கே அபூர்வமாகத் தெரியும் ஒன்று நம் ஊரில் ஒரு சமூகத்தில் பரவலாக, ஒரு தீங்கும் இல்லாமல் இருக்கக்கூடும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் வரிசையாக்கம் முடிந்ததாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. இந்தக் குறையைத் தீர்க்க அது நல்ல தொடக்கம். அந்தக் குறை தீரும்வரை, தெளியாத மாற்றத்தைத் தெளியவைக்க எங்களுக்கு இருக்கும் கைவிளக்கு, குழந்தையின் நோய் அந்த மரபணுவின் நோயோடு ஒத்துப்போகிறதா என்பதுதான். தாளில் "வலிப்பு" என்று மட்டும் இருந்தால் விளக்கே இல்லை.

எந்திரம் பார்க்கத் தவறும் இடங்களும் இருக்கின்றன. விரல் நடுக்கத்தோடு தொடங்கி, பிறகு எப்போதாவது வலிப்பு வரும் பெரியவர்களின் நோய் ஒன்று ஜப்பானில் குடும்பம் குடும்பமாகத் தெரிந்திருந்தது. பல ஆண்டு தேடியும் காரணம் பிடிபடவில்லை. 2018-இல் பிடிபட்டது: சேம்டி12 என்ற மரபணுவில், புரதத்துக்கு உரிய பகுதிக்கு வெளியே, டிடிடிசிஏ என்ற ஐந்து எழுத்து நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. வழக்கமான எக்ஸோம் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. இந்நோய் தென்னிந்தியக் குடும்பங்கள் பலவற்றில் இருப்பது 2016-லேயே பதிவாகியிருந்தது. பிறகு இலங்கை, இந்தியக் குடும்பங்களிலும் அதே ஐந்தெழுத்து நீட்சி காணப்பட்டு, அது சுமார் 17,000 ஆண்டுக்கு முன் ஒரே மூதாதையிடம் தோன்றியது என்று 2020-இல் கணித்தார்கள். இந்தக் குடும்பங்களைக் கண்டுபிடித்தவர்கள் யார்? நடுக்கத்தை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல், "உங்கள் அப்பாவுக்குக் கை நடுங்குமா, அத்தைக்கு வலிப்பு வந்ததுண்டா" என்று கேட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு உள்ளே கறுப்பு என்று வம்சப்படம் வரைந்த மருத்துவர்கள். இன்னொரு வகையும் உண்டு: மாற்றம் மூளையின் ஒரு சிறு பகுதி அணுக்களில் மட்டும் இருக்கும்; ரத்தத்தில் ஒரு கோடும் வண்ணம் காட்டாது; அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவில்தான் தெரியும். ரத்த அறிக்கையில் "ஒன்றும் இல்லை" என்றால் மரபணுக் காரணம் இல்லை என்று பொருளல்ல.

கடைசி எதிர்வாதம்தான் எனக்கு மிகவும் கனமானது. சோதனை செய்து மரபணு என்று தெரிந்தால், பழி தாய் தலையில் விழும். கூடப் பிறந்த பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். தெரியாமலே இருந்துவிடலாம் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் பழி சோதனையால் வருவதில்லை. சோதனைக்கு முன்பே இருக்கிறது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், விரதம் இருக்கவில்லை, தடுப்பூசி போட்டாள் என்று அது வேறு பெயரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. புதிதாக முளைத்த மாற்றம் என்று அறிக்கை வரும்போது இருவர் மீதும் குற்றமில்லை என்று எழுத்தில் சொல்ல முடிகிறது. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல என்றும் சொல்ல முடிகிறது. பெற்றோரில் ஒருவரின் சில அணுக்களில் மட்டும் மாற்றம் ஒளிந்திருப்பது உண்டு. உறவுக்குள் திருமணம் நாட்டிலேயே அதிகமாக நடக்கும் மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும், அத்தை மகனும் மாமன் மகளும் மணந்த வீடுகளில் இரண்டு பக்கமும் ஒரே கெட்ட படி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. மேலே சொன்ன பி6 வலிப்பு அந்த ரகம். அங்கே உண்மை தெரிந்தால்தான் அடுத்த குழந்தைக்குப் பிறந்த அன்றே மருந்து தொடங்கலாம். வம்சப்படத்தில் உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு போடுவோம். அந்த இரட்டைக் கோட்டை மறைத்து அனுப்பும் தாள், எங்களைத் தவறான திசையில் தேட வைக்கிறது.

வலிப்பு உள்ள குழந்தையின் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. முதல் வலிப்பு வந்த தேதி, அன்றைய காய்ச்சல் அளவு, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பத்திரப்படுத்தியபின், ஒருவர் கைப்பேசியில் படம் எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் படத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒவ்வொரு மருந்தும் எப்போது தொடங்கியது, அதன்பின் கூடியதா குறைந்ததா என்று குறியுங்கள். இணையத்தில் படித்ததை வைத்தோ, அறிக்கையில் ஒரு பெயரைப் பார்த்தோ எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "பொருள் தெளியாதது" என்று சொன்ன அறிக்கை இரண்டு மூன்று ஆண்டு பழையதாக இருந்தால், அதை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். புதிதாக ரத்தம் தேவையில்லை, அதே தரவு போதும். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.